ஆய்வு முடிவு பிரசவ அறைக்குப் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும்? இனப்பெருக்க நலக் கொள்கையில் வேலை செய்வோருக்கு ஒரு முழு வழிகாட்டி

குழந்தை பிறந்த கையோடு, தாயின் இடுப்புக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைச் செருகுகிறார் செவிலியர். விரிப்பின் கீழ்முனை பை மாதிரி கட்டிலுக்குக் கீழே தொங்குகிறது. பையின் மேல் அளவுக்கோடுகள், 300 மி.லி.யிலும் 500 மி.லி.யிலும் எச்சரிக்கைக் கோடு. எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று யாரும் உத்தேசமாகச் சொல்ல வேண்டியதில்லை, குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கர்நாடகத்தின் பெல்காம் பகுதியில் நடந்த ஆய்வில் பயன்பட்ட விரிப்பின் வாரிசுதான் இது. கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு, விரிப்பில் அளந்ததைவிட 33 சதவீதம் குறைவாக இருப்பதை அந்த ஆய்வு 2006-ல் காட்டியது. சுகப்பிரசவமாகும் பெண்களுக்கு இப்படி அளந்தே பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 2023-ல். நடுவில் 17 ஆண்டுகள். பிரசவத்துக்குப் பிந்தைய அளவுமீறிய ரத்தப்போக்கில் தாய்மார்கள் இறந்துகொண்டிருந்த 17 ஆண்டுகள் அவை.

அந்தத் தாமதம் எங்கெல்லாம் விழுகிறது, அதை எப்படிக் குறைப்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். மாவட்ட சுகாதார அலுவலர், பொது சுகாதார மாணவர், தொண்டு நிறுவனத்தில் கொள்கைப் பணி செய்பவர், சுகாதாரச் செய்தியாளர் ஆகியோருக்காக எழுதப்பட்டது. பெரும்பாலும் ரத்தப்போக்கையே உதாரணமாக எடுத்திருக்கிறோம். ஓரிடத்தில் மட்டும் கருத்தடை ஊசி வரும். மருந்தளவுகள் சொல்லியிருப்பது கொள்முதலும் சுற்றறிக்கையும் தயாரிப்பதற்காக. சிகிச்சைக்கு உங்கள் மாநிலத்தின் நடைமுறை நெறியே அடிப்படை.

முதல் படி: கேள்வியைக் குறுக்குங்கள்

“தாய் இறப்பைக் குறைப்பது எப்படி?” என்று கேட்டால் எந்த ஆய்வும் பதில் சொல்லாது. கேள்விக்கு நான்கு கால் வேண்டும்: யாருக்கு, எதைக் கொடுக்கிறோம், எதற்குப் பதிலாக, எந்த விளைவைப் பார்க்கிறோம். “பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு வந்த பெண்களுக்கு, வழக்கமான சிகிச்சையோடு, ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தும் கொடுத்தால், ரத்தப்போக்கினால் இறப்பது குறையுமா?” இதற்குப் பதில் தேட முடியும்.

நான்கில் அதிகம் சறுக்குவது நான்காவது கால். மேலே சொன்ன கேள்வியை ஆராய்ந்த ‘உமன்’ ஆய்வு 21 நாடுகளில், 193 மருத்துவமனைகளில், 20,060 பெண்களிடம் நடந்தது. முடிவு வெளியானது 2017-ல். முதலில் அவர்கள் வைத்திருந்த அளவுகோல் “இறப்பு அல்லது கருப்பை அகற்றல்”. அதில் வித்தியாசமே வரவில்லை: 5.3 சதவீதம், 5.5 சதவீதம். ஏன் தெரியுமா? பல இடங்களில், அந்தப் பெண்ணை ஆய்வில் சேர்க்கிற அதே நேரத்தில் கருப்பையை எடுப்பதென்ற முடிவும் ஆகிவிட்டிருந்தது. நடந்து முடிந்த முடிவை எந்த மருந்தும் மாற்றாது. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே இதைக் கவனித்து, இறப்பைத் தனியாகப் பார்க்கும் அளவுக்குப் பெண்களின் எண்ணிக்கையை 15,000-லிருந்து 20,000-ஆக உயர்த்தினார்கள். ரத்தப்போக்கினால் இறந்தவர்கள் மருந்து பெற்றோரில் 155 பேர், பெறாதோரில் 191 பேர். பிரசவம் ஆகி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் 1.7 சதவீதம் 1.2-ஆக இறங்கியது, ஏறத்தாழ 200 பேருக்குக் கொடுத்தால் ஓர் உயிர் மிஞ்சும்.

அளவுகோல் எதுவென்று பார்க்காமல் தலைப்பை மட்டும் படிப்பவர், இதே ஆய்வை வைத்து “பலனில்லை” என்றும் சொல்லலாம், “பலனுண்டு” என்றும் சொல்லலாம். கோப்பில் எழுதும்போது எந்த விளைவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: தேடுங்கள், ஆனால் எல்லாவற்றையும் நம்பாதீர்கள்

தேடலை காக்ரேன் மீளாய்வுகளிலிருந்து தொடங்குங்கள். ஒரே கேள்விக்கான ஆய்வுகளைத் திரட்டி, தரம் பார்த்து, சேர்த்துச் சொல்வார்கள். மீளாய்வு பழையதாக இருந்தால் அதற்குப் பிறகு வந்தவற்றை, மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தேடுதளமான பப்மெட்டில் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பெரிய ஆய்வுக்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். இந்தியாவில் மருத்துவப் பரிசோதனைகளை முன்கூட்டியே பதிய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். பதிவில் சொன்ன அளவுகோலும் கட்டுரையில் சொன்ன அளவுகோலும் ஒன்றா என்று ஒப்பிட அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைச் செலவிடுங்கள்.

மகப்பேறு துறையில் சின்னச் சின்ன ஆய்வுகள் ஏராளம். டிரானெக்சாமிக் அமிலத்தை முன்கூட்டியே கொடுத்து ரத்தப்போக்கைத் தடுக்கலாம் என்று சொன்ன சிறு ஆய்வுகளை 2016-ல் அலசியபோது, வெவ்வேறு குழுக்களின் பல கட்டுரைகளில் வாக்கியங்கள் அப்படியே ஒத்திருந்தன. அடிப்படைப் பிழைகளும் இருந்தன. பிறகு ரத்தசோகை உள்ள 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ‘உமன் 2’, முன்கூட்டியே கொடுப்பதால் ரத்தப்போக்கு குறையவில்லை என்று 2023-ல் காட்டியது. வந்த ரத்தப்போக்குக்குச் சிகிச்சையாகப் பலன் தரும் மருந்து, வராமல் தடுக்கவும் பலன் தரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சிகிச்சைக்கான சான்றைத் தடுப்புக்குச் சான்றாகக் கோப்பில் வைக்கக் கூடாது.

மூன்றாம் படி: சான்றை எடைபோடுங்கள்

சான்றின் உறுதியைத் தரம் பிரிக்க ‘கிரேட்’ என்ற முறையைத்தான் உலக சுகாதார நிறுவனம் கையாள்கிறது. சமவாய்ப்பு ஆய்வுகள், அதாவது யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தீர்மானித்தவை, ‘உயர் உறுதி’ என்ற இடத்திலிருந்து தொடங்கும். வெறுமனே கவனித்து எழுதிய ஆய்வுகள் ‘குறைந்த உறுதி’யிலிருந்து தொடங்கும். ஐந்து காரணங்களால் தரம் இறங்கும்: ஆய்வு நடத்தியதில் குறை, ஆய்வுகளுக்குள் முரண்பாடு, நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தாமை, எண்ணிக்கை போதாமை, சாதகமானவை மட்டும் வெளியாவது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரிதென்று கருத்தடை ஊசியின் கதையில் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டிஎம்பிஏ ஊசி. இந்தியாவில் அரசுத் திட்டத்தில் ‘அந்தரா’ என்று கிடைப்பது இதுதான். ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், ஹார்மோன் கருத்தடை, குறிப்பாக ஊசி, போட்டுக்கொண்ட பெண்களிடம் எச்ஐவி தொற்று ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. பயம் பரவியது. ஆனால் அது கவனித்து எழுதிய ஆய்வு. ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஆணுறையைக் குறைவாகப் பயன்படுத்தியிருக்கலாம். வேறு பழக்கங்களும் வேறாக இருந்திருக்கலாம். ஊசியை நிறுத்தினால் எச்ஐவி குறையுமா, அல்லது விரும்பாத கர்ப்பங்களும் தாய் இறப்புகளும் கூடுமா? 2017-ல் உலக சுகாதார நிறுவனம், எச்ஐவி அபாயம் அதிகமுள்ள பெண்களுக்கு இந்த ஊசியை, தடையின்றிக் கொடுக்கலாம் என்ற முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாற்றியது. கொடுக்கலாம், ஆனால் ஐயத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அதற்குப் பொருள்.

பிறகு ‘எக்கோ’ ஆய்வு வந்தது. எஸ்வாத்தினி, கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியா ஆகிய நான்கு நாடுகளில் 7,829 பெண்கள், சம்மதத்தோடு, குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள்: ஊசி, காப்பர் டி, கையில் பொருத்தும் ஹார்மோன் குச்சி. ஆண்டுக்கு 100 பேரில் எச்ஐவி தொற்று முறையே 4.19, 3.94, 3.31. பெரிய வித்தியாசம் இல்லை. 2019 ஜூனில் முடிவு வெளியானது. ஆகஸ்டில் ஊசி மீண்டும் முதல் வகைக்கு வந்தது. இரண்டே மாதத்தில் விதி மாறியதற்குக் காரணம், விதி எழுதுவோர் கேட்ட அதே கேள்விக்கே ஆய்வு பதில் சொன்னதுதான்.

இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொற்று 50 சதவீதம் கூடினால் கண்டுபிடிக்கும் அளவுக்கே அந்த ஆய்வு வடிவமைக்கப்பட்டது. அதைவிடச் சிறிய வித்தியாசத்தை அது மறுக்கவில்லை. “ஆபத்தே இல்லை என்று நிரூபணமாகிவிட்டது” என்று எழுதினால் தவறு. இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது: எந்தக் கருத்தடை முறையானாலும் ஆண்டுக்கு 100 பெண்களில் கிட்டத்தட்ட 4 பேருக்குப் புதிதாக எச்ஐவி வந்தது. கருத்தடைக்காக வந்த சாதாரணப் பெண்கள் அவர்கள். குடும்பநல மையத்திலேயே எச்ஐவி பரிசோதனையும் எச்ஐவி தடுப்பு மாத்திரையும் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. ஆய்வு எந்தக் கேள்விக்காகத் தொடங்கியதோ அதற்கு வெளியே கிடைக்கும் எண்களையும் கவனித்துப் படியுங்கள்.

நான்காம் படி: நம் ஊருக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

இனிமேல் ஆய்வுக் கட்டுரை மட்டும் போதாது, உள்ளூர்க் கணக்கு வேண்டும். மாதிரிப் பதிவு முறையின் தாய் இறப்பு விகிதம், தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு, மாவட்டத்தின் மாதாந்தர சுகாதார அறிக்கை, தாய் இறப்பு ஆய்வுக் கோப்புகள் ஆகிய நான்கையும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பையைச் சுருங்கவைத்து ரத்தப்போக்கைத் தடுக்கும் மிசோபிரோஸ்டால் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். பெல்காம் பகுதி கிராமங்களில் 1,620 பெண்களிடம் நடந்த ஆய்வில், துணைச் செவிலியர்கள் குழந்தை பிறந்ததும் 600 மைக்ரோகிராம் கொடுத்தார்கள்; அதாவது 200 மைக்ரோகிராம் மாத்திரை மூன்று. ரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது. சான்று நல்ல சான்று. ஆனால் 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்; நாகாலாந்தில் 45.7 சதவீதம்தான். வீட்டுப் பிரசவத்துக்கு மாத்திரையை முன்கூட்டியே கையில் கொடுப்பது நாகாலாந்து மலைக்கிராமத்தில் உயிர் காக்கும் திட்டம். தமிழ்நாட்டில் அதே பணத்தை, இதே வேலையைச் செய்யும் ஊசி மருந்தான ஆக்சிடோசின் கெடாமல் வைக்கும் குளிர்பெட்டிக்குச் செலவிடுவது மேல்.

மாத்திரையைக் கொடுக்கும் இடங்களில் மூன்று தவறு நேரும். குழந்தை பிறக்கும் முன்பே விழுங்கிவிடுவது, இரட்டைக் குழந்தையில் இரண்டாவது இருப்பது தெரியாமல் கொடுப்பது, அதன்பின் வரும் குளிர் நடுக்கத்தையும் காய்ச்சலையும் கண்டு பயந்து அடுத்த வீட்டுக்காரரிடம் “அந்த மாத்திரை வேண்டாம்” என்று சொல்வது. மூன்றுக்கும் பயிற்சியில் பதில் இருக்க வேண்டும். கருக்கலைப்புக்கும் இதே மாத்திரை பயன்படுவதால், அதைக் கட்டுப்படுத்தும் உத்தரவு ரத்தப்போக்குக்கான இருப்பையும் சேர்த்து அடைத்துவிடும். ஒரு மருந்தைப் பற்றி விதி எழுதும் முன் அந்த மருந்து வேறு எங்கெல்லாம் தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

பார்க்காமல் விட்டால் என்னாகும் என்பதற்கு ஆக்சிடோசினே சாட்சி. கறவை மாடுகளுக்குத் தவறாகப் போடுகிறார்கள் என்ற காரணத்தைச் சொல்லி, 2018 ஏப்ரலில் மத்திய அரசு இந்த மருந்தை உள்நாட்டு விற்பனைக்குத் தனியார் தயாரிக்கத் தடை விதித்தது. ஒரே ஒரு பொதுத்துறை நிறுவனம் மட்டும் நாடு முழுவதற்கும் தயாரிக்க வேண்டும் என்ற நிலை. பிரசவ அறையில் முதலில் கை போகும் மருந்து அது. தட்டுப்பாடு வந்தால் தாய்மார்களுக்கு என்னாகும் என்பதை எடைபோடாமல் எடுத்த, அறிவியல் அடிப்படையற்ற முடிவு என்று சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் அந்தத் தடையை ரத்து செய்தது.

ஐந்தாம் படி: பொருள் கணக்கு போடுங்கள்

“விரிப்பும் மருந்தும் வாங்கலாம்” என்று சொன்னால் கோப்பு நகராது. எத்தனை என்று எழுதுங்கள். மாதம் 200 சுகப்பிரசவம் நடக்கும் ஒரு மருத்துவமனைக்கு, பத்தில் ஒருவருக்கு ரத்தப்போக்கு வரும் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவோம்.

விரிப்பு ஒரு பிரசவத்துக்கு ஒன்று: 200. கிழிவது, வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்து 220.

ஆக்சிடோசின் ஆம்பூல் ஒன்றில் 5 யூனிட் என்றால், தடுப்புக்காக எல்லோருக்கும் 10 யூனிட் போட 400 ஆம்பூல். ரத்தப்போக்கு வந்த 20 பேருக்கு 10 யூனிட், பிறகு சலைனில் கலந்து 20 யூனிட், ஆக ஆளுக்கு 6 ஆம்பூல் வீதம் 120. மொத்தம் 520. எல்லாம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

டிரானெக்சாமிக் அமிலம் 500 மி.கிராம் ஆம்பூல் என்றால் ஆளுக்கு இரண்டு, 40. ரத்தப்போக்கு 30 நிமிடத்துக்குப் பிறகும் நிற்காமலோ 24 மணி நேரத்துக்குள் திரும்பவோ செய்தால் இன்னொரு கிராம் என்பதால், ஐந்து பேருக்கு இரண்டாம் தவணை என்று இன்னும் 10 சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமை 10 நிமிடத்தில் மெதுவாக நரம்பில் ஏற்ற வேண்டும். சிரிஞ்சுகளையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

குளிர்பெட்டியில்தான் பெரும்பாலும் கோட்டை விடுவோம். தடுப்பூசிக்கான பெட்டி இருக்கிறது, ஆனால் அதில் மற்ற மருந்தை வைக்க அனுமதி கிடைப்பதில்லை. இரவில் அந்த அறை பூட்டியிருக்கும். பிரசவ அறைக்குள்ளேயே தனிப் பெட்டி என்று கொள்முதல் பட்டியலில் எழுதுங்கள். ஆக்சிடோசினைப் போன்ற, ஆனால் குளிர் தேவைப்படாத கார்பெட்டோசின் என்ற மருந்து 10 நாடுகளில் கிட்டத்தட்ட 30,000 பெண்களிடம் சோதிக்கப்பட்டு, ஆக்சிடோசினுக்கு ஈடாக இருந்ததை 2018-ல் காட்டினார்கள். மின்சாரம் நிலையில்லாத இடங்களுக்கு அதையும் பரிசீலிக்கலாம். ஆனால் அது தடுப்புக்குத்தான்.

ஆறாம் படி: கோப்பை எழுதுங்கள்

முடிவெடுப்பவர் படிப்பது இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கேள்வி, பதில், எத்தனை உயிர், எவ்வளவு செலவு, யாருடைய கையெழுத்து வேண்டும். மற்றதெல்லாம் இணைப்பு. தேசிய சுகாதார இயக்கத்தின் திட்ட முன்மொழிவு மத்திய அரசுக்குப் போகும் முன் உங்கள் தாள் மேசையில் இருக்க வேண்டும். பட்ஜெட் முடிந்த பிறகு கொண்டுபோனால் நல்ல சான்றும் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கும்.

தமிழ்நாட்டில் மருந்துக் கொள்முதல் 1994-ல் அமைந்த மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக நடக்கிறது. பட்டியலில் இல்லாத பொருளைக் கிடங்கிலிருந்து கேட்டுப் பெற முடியாது. அதனால் பயிற்சி, சுவரொட்டி எல்லாவற்றுக்கும் முன்பு பட்டியலில் பெயர் ஏற வேண்டும். பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து மருந்து வந்தால் பயிற்சி மறந்துவிட்டிருக்கும்.

சுற்றறிக்கையில் கண்டிப்பாக இருக்க வேண்டிய ஒரு வரி: “ரத்த அளவு 500 மி.லி. கோட்டைத் தொட்டாலோ, 300 மி.லி. கோட்டைத் தொட்டு நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ பிறழ்ந்தாலோ, மருத்துவரின் உத்தரவுக்குக் காத்திராமல் பணியிலுள்ள செவிலியரே சிகிச்சையைத் தொடங்கலாம்.” இந்த வரி இல்லாத சுற்றறிக்கையால் பயனில்லை. இரவு இரண்டு மணிக்கு மருத்துவர் வந்து சேரும் இருபது நிமிடத்தில்தான் எல்லாம் கைமீறும். நாளை கேள்வி வந்தால் யார் பொறுப்பு என்ற பயம் செவிலியருக்கு இருப்பது நியாயம். அந்தப் பயத்தை நீக்க வேண்டியது அரசாணையின் வேலை.

ஏழாம் படி: பொருளை மட்டும் அனுப்பாதீர்கள்

ஐரோப்பாவில் 13 நாடுகளில் ரத்தம் சேகரிக்கும் பையை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வந்த முடிவு: கடும் ரத்தப்போக்கில் குறிப்பிடத்தக்க குறைவில்லை. அளந்தார்கள், அளந்த பிறகு என்ன செய்வது என்பது சேர்ந்து வரவில்லை.

‘இ-மோட்டிவ்’ ஆய்வு அதைச் சேர்த்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது, 500 மி.லி. ஆனாலோ, 300 மி.லி.யோடு நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ பிறழ்ந்தாலோ உடனே தொடங்குவது. கருப்பையை அழுத்தித் தேய்ப்பது, ஆக்சிடோசின், டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், ரத்தம் எங்கிருந்து வருகிறதென்று பரிசோதிப்பது, நிற்கவில்லையென்றால் மேல்நிலைச் சிகிச்சைக்கு அனுப்புவது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே தொகுப்பாக. மருந்தெல்லாம் ஒரே டிராலியில். கடும் ரத்தப்போக்கு, அதனால் அறுவைச் சிகிச்சை அல்லது இறப்பு 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமானது. தொகுப்புச் சிகிச்சை கிடைத்தவர்கள் வழக்கமான இடங்களில் 19.4 சதவீதம், இங்கே 91.2 சதவீதம். மருந்துகள் ஏற்கெனவே இருந்தவைதான். சேர்ந்து, சீக்கிரம் போய்ச் சேர்ந்தன.

பயிற்சியில் கைப்பழக்கம்தான் முக்கியம். பனிக்குட நீர் முழுவதும் வடிந்த பிறகே விரிப்பைச் செருக வேண்டும். முன்பே செருகினால் நீரும் சேர்ந்து அளவு ஏறிவிடும். பை கட்டிலின் அடியில் மடங்கினால் கோடு தெரியாது. பஞ்சிலும் துணியிலும் ஊறிய ரத்தத்தை எடை போட்டுச் சேர்க்க வேண்டும்.

எட்டாம் படி: சரியானதை அளந்து பாருங்கள்

ஆண்டுக்கு 20,000 பிரசவம் நடக்கும் மாவட்டம். தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் 2018-20 கணக்கில் லட்சம் பிறப்புக்கு 54. அப்படியானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 இறப்பு. எதுவுமே மாறாவிட்டாலும் இது ஓராண்டு 5-ஆகவும் இன்னோராண்டு 17-ஆகவும் ஆடும். “இறப்பு எட்டாகக் குறைந்தது, திட்டம் வெற்றி” என்று சொன்னால் அடுத்த ஆண்டு அதே எண் உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஒவ்வொரு இறப்பையும் ஆராயுங்கள், பழி சுமத்தாமல். ஆனால் திட்டத்தை இறப்பு எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடாதீர்கள். விரிப்பு போட்ட பிரசவங்களின் சதவீதம், கோட்டைத் தொட்டதிலிருந்து சிகிச்சை தொடங்க ஆன நிமிடங்கள், 1,000 மி.லி.க்கு மேல் ரத்தம் போனவர்கள் ஆகிய மூன்றையும் மாதாமாதம் பாருங்கள். இவற்றில் மாற்றம் சில மாதங்களிலேயே தெரியும்.

அளக்கத் தொடங்கியதும் பதிவேட்டில் ரத்தப்போக்கு திடீரென்று கூடக்கூடும். இ-மோட்டிவ் ஆய்வில் வழக்கமான முறையில் பாதி ரத்தப்போக்குதான் கண்ணில் பட்டது. விரிப்பு வந்தபின் 93 சதவீதம். இதை மாவட்ட ஆட்சியருக்கும் இயக்குநரகத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் முதல் மாத அறிக்கையைப் பார்த்து மருத்துவமனைக்கு விளக்கக் கடிதம் வரும். அடுத்த மாதமே பதிவேட்டில் எண் குறையும், ரத்தம் குறைந்திருக்காது.

கடைசியாக, சுற்றறிக்கையில் மறு ஆய்வுத் தேதி ஒன்றைப் போடுங்கள். 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை மாற்றியது: 300 மி.லி.யோடு உடல்நிலைக் குறிகள் பிறழ்ந்தாலே செயல்படத் தொடங்க வேண்டும். 500-ல் மட்டும் கோடு போட்ட விரிப்பை மொத்தமாக வாங்கியிருந்தால் அது இப்போது பழையது. கொள்முதல் விவரக்குறிப்பில் இரண்டு கோடும் கேளுங்கள். புதிய சுவரொட்டி போகும் அதே வாரத்தில், பிரசவ அறைச் சுவரிலிருந்து பழையதைக் கழற்றச் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.